பக்கத்து வீட்டில் அரை மணி நேரம்

வீடு பார்க்க ஆள் வருகிறது என்றால் முதலில் மூக்கைக் கவனி என்பாள் அக்கா. கண்ணுக்குப் பிடிக்காததைக்கூட மனிதர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பார்களாம். மூக்குக்குப் பிடிக்காவிட்டால் வாசலிலேயே முடிவு செய்துவிடுவார்களாம். அதற்காக ஊதுபத்தி ஏற்றக் கூடாது. ஊதுபத்தி வாசனை தூக்கலாக வந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று வருகிறவர்களுக்குத் தெரிந்துபோகும். அவர்கள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் காபிக்கு டிகாக்‌ஷன் இறக்க வேண்டும். "காபி வாசனை வந்தா, நல்லா வாழ்ற வூடுன்னு தோணும்மா," என்பாள்.

இப்போது எங்கள் வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். எனக்கும் என் கணவருக்கும் மாடிப்படி ஏறினால் முழங்கால் பேசுகிறது. புரோக்கர் பையன் ஒருவன் வந்து, சாமான்களைக் குறைத்து வையுங்கள், திரைச்சீலையை மாற்றுங்கள் என்று பட்டியல் கொடுத்துவிட்டுப் போனான். நான் தலையை ஆட்டிவைத்தேன். அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே இதையெல்லாம் அறிந்தவள்போல் இருந்த ஒருத்தியின் குரல் என் காதில் இருக்கிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

அக்கா என் உடன்பிறந்தவள் இல்லை. சைனிக்புரியில் எங்களுக்குப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர். அவள் அப்பா, மாமனார், கணவர் மூவருமே ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆட்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து செகந்திராபாத்தோடு கரைந்துபோன குடும்பம். அவள் பிறந்ததே மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். பேச்சு வேலூர்ப் பேச்சு; நடுநடுவே வேண்டாமுக்கு நக்கோ, ஆமாமுக்கு ஹவ், ஏனுக்குக் கைக்கு என்று ஹைதராபாத் உருது பொங்கலில் மிளகு மாதிரி கடிபடும். நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது எனக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. ஓர் ஆண்டு முழுக்க, காய்கறி வண்டிக்காரரிடம் எனக்காக அவள்தான் சண்டை போட்டாள்.

அவள் பொய் சொல்ல மாட்டாள். இதைக் கேட்டதும் பெரிய அரிச்சந்திர வம்சம் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் செய்யாத தில்லுமுல்லு கிடையாது. ஆனால் வாயிலிருந்து வருகிற வார்த்தை மட்டும் பொய்யாக இருக்கக் கூடாது. பொய் சொன்னால் வாய் கோணிப்போகும் என்று சின்ன வயதில் யாரோ பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பயம் அவளுக்கு வயதாகியும் போகவில்லை.

சங்கத்து ஆட்கள் சந்தா கேட்டு வந்து கதவைத் தட்டினால், உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் கணவரைக் கையைப் பிடித்து எழுப்பிக் கொல்லைப்புறம் கொண்டுபோய்ச் சப்போட்டா மரத்தடியில் நிறுத்துவாள். பிறகு நிதானமாக வந்து கதவைத் திறந்து, "அவரு வூட்ல இல்லீங்களே," என்பாள். மனுஷர் பனியனோடு மரத்தடியில் கொசுக்கடியில் நிற்பார். ஒருநாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே என்னைப் பார்த்துவிட்டு, "அரிச்சந்திரனைக் கட்டுனவளுக்குத்தான் சுடுகாடுன்னு கேள்விப்பட்டிருக்கேன். எனக்குக் கொல்லைப்புறம்," என்று முணுமுணுத்தார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். நகைச்சுவை உள்ள மனிதர்.

அவள் மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் அதே கதைதான். அந்தப் பெண்ணுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் சமைப்பாளா என்று கேட்பார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். கேசரி இறக்குகிற நேரத்தில் மகளை அடுப்பருகே இழுத்துவந்து, கரண்டியைக் கையில் கொடுத்து, நாலு சுற்றுச் சுற்ற வைத்தாள். "கேசரி இவ கிண்டினதுதான்," என்று அவள் கூடத்தில் சொன்னபோது நான் சிரிப்பை அடக்கிக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கல்யாணம் நடந்தது. மகள் இப்போது கச்சிபௌலியில் பதினான்காவது மாடியில் இருக்கிறாள்.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது ஓய்வுபெற்று ஏழெட்டு ஆண்டுகள் கழித்து. வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று அக்கா என்னிடம் ஒன்று கேட்டாள். "நான் ஒரு பொய்யும் சொல்லலியேம்மா. இவருக்குக் கைக்கு வாய் கோணிச்சு?" 

பேச்சும் போயிற்று. தமிழ், தெலுங்கு, ஒர்க்‌ஷாப்பில் பழகிய உருது எல்லாம் போய் ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. ஹவ். பசிக்கிறதா என்றாலும் ஹவ், பசிக்கவில்லையா என்றாலும் ஹவ். வேலூரில் வேர் உள்ள மனிதருக்கு, தாய்மொழியில் ஒரு சொல் மிஞ்சாமல், ஆமாம் என்கிற உருதுச் சொல் மட்டும் ஏன் தங்கியது என்று டாக்டருக்கே தெரியவில்லை. அக்கா அந்த ஒரு வார்த்தையிலிருந்து நூறு அர்த்தம் எடுத்தாள். "இது கோவ ஹவ்," "இது முதுகு வலிக்கிற ஹவ்," என்று எனக்கு விளக்குவாள்.

ஒன்றரை ஆண்டு தனியாகவே தூக்கி, புரட்டி, குளிப்பாட்டிப் பார்த்தாள். அதற்குள் அவள் இடுப்பு போய்விட்டது. ஒருநாள் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இருவருமே தரையில் விழுந்துவிட்டார்கள். அவள் சத்தம் கேட்டு நானும் என் கணவரும் ஓடிப் போனோம். அவர் அவள் மேல் கிடந்தார். அவர் தலை தரையில் மோதாமல் அவள் தன் கையை அடியில் வைத்திருந்தாள். அன்றைக்குத்தான் வீட்டை விற்றுவிட்டு மகளுக்குப் பக்கத்திலேயே லிப்ட் உள்ள ஒரு வீட்டுக்குப் போவது என்று முடிவானது. வீடு விற்றால்தான் அது நடக்கும்.

வீட்டைத் தயார் செய்வதில் அக்காவுக்கு ஒரு முறை இருந்தது. எல்லாவற்றையும் துடைத்து அடுக்கி முடித்ததும், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவாள். கேட்டை வெளியே நின்று சாத்துவாள். பிறகு யாரோ போல அதைத் திறந்துகொண்டு உள்ளே வருவாள். சொந்த வீட்டுக்குள் அந்நியர் நடை நடப்பாள். ஸ்விட்சைப் போட்டு அணைப்பாள். குழாயைத் திருகிப் பார்ப்பாள். எந்த இடத்தில் முகம் சுளித்தாளோ அந்த இடத்தில் மறுபடியும் வேலை தொடங்கும். நான் சிரித்தால், "சிரிக்காதம்மா, நம்ம கண்ணு பழகிப்போன கண்ணு. வர்றவங்க கண்ணால பாக்கணும்," என்பாள். குளியலறைச் சுவரில் ஓதம் காத்த இடம் இருந்தது. அதன்மேல் காலண்டர் மாட்டி மறைக்கலாமே என்றேன். "நக்கோ. கேட்டா ஓதம்னு சொல்லுவேன். கேக்கலைன்னா அவங்க பாடு," என்றாள்.

முதலில் வந்தவர்கள் மென்பொருள் வேலை பார்க்கும் இளம் தம்பதி. கூடவே காம்பஸ் வைத்துக்கொண்டு ஒரு வாஸ்துக்காரர். தோட்டம் பிடித்தது, கூடம் பிடித்தது. மாமா படுத்திருந்த அறை வாசலில் அந்தப் பெண் நின்றுவிட்டாள். வாஸ்துக்காரர், இவருக்கு எப்போதிருந்து இப்படி, தலை எந்தத் திசையில் வைத்துப் படுத்திருந்தார் என்று விசாரித்துவிட்டு, வடகிழக்கு மூலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவர்கள் போய்விட்டார்கள். அடுத்து வந்த இரண்டு குடும்பமும் அந்த அறை வாசலோடு திரும்பியது.

அக்கா வீட்டுக்கு ஆள் கூட்டிவந்த புரோக்கர் நல்ல மனிதர்தான். தயங்கித் தயங்கிச் சொன்னார். "அம்மா, சார்னி காஸேபு பக்கிண்ட்லோ உஞ்சண்டி." சாரைக் கொஞ்ச நேரம் பக்கத்து வீட்டில் வையுங்கள் என்று.

அக்கா அவரைக் கேட்டுவரை கொண்டுபோய் விட்டாள். பிறகு என்னிடம் வந்தாள். "வூட்ல நோயாளி இருக்காங்களான்னு கேட்டா இல்லைன்னு சொல்ல என்னால முடியாதும்மா. அவரு உங்க வூட்ல இருந்தா சொல்லலாம்ல?" என்றாள். சப்போட்டா மரத்தடி ஞாபகம் இருவருக்குமே வந்தது. இருவருமே சிரிக்கவில்லை.

அப்படித்தான் மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். காலையில் அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைப்பாள். பிறகு அந்த அறையிலிருந்து அவரை ஒவ்வொன்றாக எடுப்பாள். ரெக்சின் விரிப்பு, மூத்திர பாட்டில், மாத்திரை டப்பா, சுவரில் சாய்த்த வாக்கர், கட்டிலடியில் ஒற்றைச் செருப்பு. எல்லாம் மொட்டை மாடி அறைக்குப் போய்விடும். அவர் கை ஊன்றி ஊன்றி எண்ணெய்க் கறை படிந்த சுவரில் மட்டும் வெள்ளை அடித்திருந்தாள். கட்டிலில் பூப்போட்ட விரிப்பு விரித்தால், யாரும் படுத்தே அறியாத கட்டில் மாதிரி இருக்கும். கடைசியில் வழக்கம்போலத் தெருவுக்குப் போய், அந்நியளாகத் திரும்பி வந்து பார்ப்பாள். முகம் சுளிக்க ஒன்றும் இருக்காது. அந்த வாசலில் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்பாள்.

முதல் ஞாயிறு நாற்காலியைக் கேட்டுக்கு வெளியே தள்ளியபோது மாமா இடது கையால் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. ஒரேயடியாக எங்கேயோ கொண்டுபோய் விடுகிறோம் என்று நினைத்துவிட்டார். கண்ணில் தண்ணீர். அக்கா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "அரை மணி நேரம்தான்யா. பக்கத்து வூட்டுக்குத்தான் போற. வந்து இட்டுனு போயிடறேன்," என்று சொல்லிக்கொண்டே பிரித்தாள். "ஹவ்," என்றார். அது எந்த ஹவ் என்று அன்று அவள் விளக்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் வாரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். சத்துமாவுக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தேன். இரண்டாம் வாரம் பேப்பர் படித்துக் காட்டினேன். நாலைந்து வாரம் போனதும் எனக்கு அலுத்துவிட்டது. வாரத்தில் ஒரு ஞாயிறு, அரை மணி நேரம் என்று அதிலும் பாதி நாள் இப்படிப் போகிறதே என்று என் கணவரிடம் முணுமுணுத்தேன். என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி வீட்டில் தலைக்குமேல் வேலை. அவரைக் கூடத்தில் டி.வி. முன்னால் நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போக ஆரம்பித்தேன். அவ்வப்போது அங்கிருந்தே, "மாமா, சரியா இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பேன். "ஹவ்," என்று வரும். அது போதும் என்று நினைத்தேன்.

பதினோராவதோ பன்னிரண்டாவதோ ஞாயிறு. அன்று கேட்டைத் தாண்டும்போது மாமா கம்பியைப் பிடிக்கவில்லை. பழகிவிட்டது என்று அக்கா சந்தோஷப்பட்டாள். வந்தவர்கள் ஹப்சிகுடாவிலிருந்து ஒரு குடும்பம், கணவன் மனைவியும் பெரியவர்களும். வாஸ்துக்காரரைக் கூட்டிவரவில்லை. வெகுநேரம் இருந்தார்கள்.

நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அக்கா வீட்டுப் பின்கட்டு ஜன்னல். அவள் தெலுங்கில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. தினமும் வராது, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் என்று உள்ளதைச் சொன்னாள். நறுக்கி முடித்ததும், "மாமா, மோர் தரட்டுமா?" என்றேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். டி.வி. மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கூடத்துக்குப் போனேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். கையைத் தொட்டேன். அவர் போய்விட்டார் என்று தெரிந்ததும் நான் செய்த முதல் காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. நான் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தேன். நட்சத்திரம் சதயம்.

அடைப்பு. சதயத்தில் உயிர் போனால் ஆறு மாதம். போன அறையைப் பூட்டி, விளக்கு ஏற்றி வைக்க வேண்டும். கூடத்தில் போனால் கூடத்தை எப்படிப் பூட்டுவது? வீட்டையே அடைக்க வேண்டும். ஆறு மாதம் அந்த வீட்டில் சுபகாரியம் கூடாது. மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு மேஜைமேல் இருந்தது. பந்தக்கால் நட இன்னும் பதினெட்டு நாள். சம்பந்தி வீட்டார் நல்ல நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார்கள். இதெல்லாம் என் மனதில் ஓடி முடிந்த பிறகுதான் ஐயோ மாமா என்று வந்தது.

அக்காவைக் கூப்பிட நான் ஓடவில்லை. ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது. வந்திருந்த பெரியம்மா ஒருத்தி கேட்டாள். "ஈ இண்ட்லோ எவரைனா போயாரா அம்மா?" இந்த வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா என்று. அக்கா தெளிவான குரலில், "லேதம்மா," என்றாள். இல்லை என்று அவள் சொன்னது உண்மை. அவர்கள் போகட்டும், விற்பனை கெட வேண்டாம், அதற்காகத்தான் நிற்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கூடத்தில் நின்றேன். பயத்தில் கால் வரவில்லை என்பதுதான் நிஜம்.

கார் கிளம்பியது. அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வேகமாக வந்தாள். "புடிச்சிபோச்சும்மா அவங்களுக்கு! நாளைக்கே டோக்கன் அட்வான்ஸ் குடுக்கறாங்களாம். யோவ், கேட்டியா..." என்று சொல்லிக்கொண்டே அவர் முன்னால் குனிந்தாள்.

அவள் கத்தவில்லை. அவர் கன்னத்தைத் தொட்டாள். சட்டைப் பித்தான் ஒன்று திறந்திருந்தது, அதைப் போட்டுவிட்டாள். முழங்காலில் உட்கார்ந்தவள் என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"பக்கத்துல இருந்தியாம்மா?"

"இருந்தேங்கா," என்றேன்.

"கஷ்டப்பட்டாரா?"

"இல்லக்கா. என்னைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்படியே போயிட்டாரு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு என் கண் போன திசையில் அவள் கண்ணும் போயிற்று. காலண்டரைப் பார்த்தாள். மேஜைமேல் பத்திரிகைக் கட்டைப் பார்த்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் மூஞ்சியே கேட்டிருக்கும்.

அக்கா எழுந்து முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "இவரு இங்க போகலை. இன்னா, புரியுதா? எங்க வூட்ல, அவரு ரூம்ல, அவரு கட்டில்ல போனாரு. வா, புடி," என்றாள்.

அக்கா, டோக்கன், என்று நான் இழுத்தேன். விற்க முடியாதே என்று சொல்ல வந்தேன். சொல்லியிருந்தாலும் மனதாரச் சொல்லியிருக்க மாட்டேன்.

"புடிம்மா," என்றாள்.

என் கணவர் நாற்காலியைத் தள்ளினார். அக்கா கூடவே நடந்து, ஒரு கையால் அவர் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். தோளில் துண்டு போட்டுவிட்டாள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற சுபேதார் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் மாமாவுக்கு ஒரு சல்யூட் வைப்பார். அன்றும் வைத்தார். "சார் பாகுன்னாரா?" என்று நலம் கேட்டார்.

"நித்ரபோதுன்னாரு," என்றாள் அக்கா. தூங்குகிறார் என்று. முப்பது ஆண்டுப் பழக்கத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அது.

வீட்டுக்குள் போனதும் அவரைக் கட்டிலில் கிடத்தவில்லை. "இரு," என்றாள். பூப்போட்ட விரிப்பை உருவி எறிந்தாள். இடுப்பு வலியோடு மொட்டை மாடிக்கு மூன்று முறை ஏறி இறங்கினாள். நான் போகிறேன் என்றாலும் விடவில்லை. ரெக்சின் விரிப்பு வந்தது. பாட்டில் வந்தது. மாத்திரை டப்பா, வாக்கர், செருப்பு எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பி வந்தன. பத்தே நிமிடத்தில் அந்த அறை மறுபடியும் அவருடைய அறையாகிவிட்டது. அதன்பிறகு அவரைப் படுக்க வைத்தோம். கதவை விரியத் திறந்து வைத்து, அவர் காலடியில் உட்கார்ந்து, அப்புறம்தான் தெரு கேட்க வாய்விட்டு அழுதாள்.

கச்சிபௌலியிலிருந்து மகள் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. "அம்மா, நீ பக்கத்துல இருந்தியா?" என்று அவள் கேட்டபோது, "என் கையைப் புடிச்சிகினே போனாருடி," என்றாள் அக்கா. மகள் அந்த வார்த்தையைக் கட்டிக்கொண்டு அழுது தேறினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஹப்சிகுடா குடும்பத்துக்கு அக்காவே போன் செய்து, இந்த வீட்டில், இந்த அறையில், நேற்று என் கணவர் போனார் என்று சொல்லிவிட்டாள். அவர்கள் துக்கம் விசாரித்தார்கள், பிறகு வரவில்லை. அறையை ஆறு மாதம் பூட்டினாள். எங்கள் வீட்டில் பந்தக்கால் நட்டோம், மேளம் முழங்கியது, கல்யாணம் நடந்தது. அவள் தீட்டு என்று வரவில்லை. கல்யாணத்தன்று அவள் வீட்டு ஜன்னல்கள் சாத்தியே இருந்தன.

ஒன்றரை ஆண்டு அந்த வீட்டில் தனியாக இருந்தாள். கடைசியில் வாங்கியவர் ஒரு பில்டர். அவர் வருகிறார் என்று அக்கா காலையிலிருந்து கூட்டித் துடைத்து, டிகாக்‌ஷன் இறக்கி வைத்துக் காத்திருந்தாள். அவர் காரைவிட்டு இறங்கி, தெரு அகலத்தைக் காலடியால் அளந்தார், மனையின் நீளத்தைச் சுவர் ஓரமாகவே நின்று பார்த்தார், கிளம்பிவிட்டார். வீட்டுக்குள் வரவேயில்லை. இடிக்கப் போகிற வீட்டுக்குள் வந்து என்ன பார்ப்பது? அந்தக் காபியை அக்காவும் நானும் குடித்தோம்.

அக்கா தன் மகள் வீட்டுக்குப் போன பிறகு ஐந்தாறு முறை அவளைப் போய்ப் பார்த்தேன். பதினான்காவது மாடி பால்கனியில் உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் உள்ளே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்பாள். "அன்னிக்கு இன்னா பண்ணிகினு இருந்தாரு? சொல்லேன்." நான் சொல்வேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். உங்க வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. என் விரலை இறுக்கிப் பிடித்தார் அக்கா. அவள் கண்ணை மூடிக் கேட்பாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் லிப்டில் ஏறுவேன். சொல்லாமலே இறங்குவேன். போன ஆண்டுக்கு முந்திய ஆண்டு அவள் போய்விட்டாள். தூக்கத்தில் போனாளாம், காலையில்தான் பார்த்தார்களாம்.

சென்ற ஞாயிறு எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு தெலுங்குக் குடும்பம் வந்தது. எல்லாம் தயாராக இருந்தது. டிகாக்‌ஷன் வாசனை கூடத்தில் நின்றது. நான்கூட ஒருமுறை கேட்டுக்கு வெளியே போய் நின்றுவிட்டு உள்ளே வந்து பார்த்தேன். அந்த வீட்டுப் பையனுக்கும் அவன் மனைவிக்கும் வீடு பிடித்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கூட வந்த அம்மாள் மட்டும் கூடத்து சோபாவில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே, தயக்கமாக, தப்பாக நினைக்க வேண்டாம் என்று முன்னுரை போட்டுக் கேட்டாள். இந்த வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா?

இல்லை என்று சொல்ல எனக்கு எல்லா வசதியும் இருந்தது. அக்கா செய்து வைத்துவிட்டுப் போன வசதி. புரோக்கர் பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒருத்தர் இறந்திருக்கிறார். இந்தக் கூடத்தில்தான்," என்றேன். புரோக்கர் பையன் கண்ணை மூடிக்கொண்டான். என் கணவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். உங்கள் மாமனாரா என்று அந்த அம்மாள் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரர், முடியாமல் இருந்தார், அரை மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டுப் போனார்கள் என்றேன்.

அந்த அம்மாள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் உச்சுக்கொட்டினாள். "அய்யோ பாபம். பக்கன எவரு உன்னாரம்மா?" என்றாள். பாவம், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று.

அவள் கேட்ட மொழியிலேயே சொன்னேன். "எவரூ லேரம்மா." யாரும் இல்லை.